ஏறி இறங்கும் பணமும் திரும்பி வராத பணமும்

கேள்வி:

எனக்கு 34 வயது. அடையாறு இந்திரா நகரில் அம்மாவோடும், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடும் இருக்கிறேன். அப்பா விட்டுப்போன சின்ன ஃபிளாட் என்பதால் வாடகை இல்லை. ஒரு தனியார் பள்ளியில் நூலகர் வேலை. கைக்கு வரும் சம்பளம் மாதம் 38,000 ரூபாய். செலவெல்லாம் போக 8,000 மிஞ்சும். இத்தனை வருஷத்தில் சேர்ந்தது 3,40,000 ரூபாய். அது அப்படியே வங்கி சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வளையலை வைத்து வாங்கிய நகைக்கடன் 60,000 இன்னும் இருக்கிறது. ஒன்பதரை சதவீத வட்டி. வருஷம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிடுகிறேன்.

எதிலாவது போடலாம் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. 2024-ல் மயிலாப்பூர் ஃபண்டு பற்றிய செய்தியை டிவியில் பார்த்ததிலிருந்து யாரை நம்புவது என்றே தெரியவில்லை. கணக்கு டீச்சர் எஸ்ஐபி போடு என்கிறார். மாமா, பாலிசிதான் நிம்மதி என்கிறார். எதிர்வீட்டு அக்கா சீட்டில் சேரச் சொல்கிறார். அம்மா பெயரில் 2 லட்சம் எஃப்டி இருக்கிறது. வட்டி கூடுதலாகத் தரும் இடம் ஏதாவது பாரேன் என்கிறார் (அவருக்கு 63 வயது). ஷேர் மார்க்கெட் என்றால் எனக்குச் சூதாட்டம் மாதிரித்தான் தெரிகிறது. என்னைப் போன்ற பயந்த சுபாவக்காரர் எங்கிருந்து ஆரம்பிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அடையாறு

பதில்:

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இரண்டு பயங்களை ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். போட்ட பணம் ஏறி இறங்குமே என்பது ஒன்று. போட்ட பணம் திரும்பியே வராமல் போய்விடுமோ என்பது மற்றொன்று. முதலாவதைக் காலத்தைக் கொண்டும் அளவைக் கொண்டும் சமாளிக்கலாம். இரண்டாவதைச் சமாளிக்க வழியே கிடையாது. அந்தப் பக்கம் போகாமல் இருப்பது ஒன்றுதான் வழி. நம் ஊரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏற்ற இறக்கத்தைக் கண்டு நடுங்கி, “மாசா மாசம் வட்டி வந்துடும், தெரிஞ்ச இடம்தான்” என்ற சொல்லை நம்பி, திரும்பி வராத இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு நிகழ்வில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பர் 17 அன்று ரிசர்வ் வங்கி முடக்கியது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. பத்து நாளில், நவம்பர் 27 அன்று, அந்த வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. கணக்கில் பணம் வைத்திருந்தவர்களுக்கு முழுத் தொகையும் கிடைத்தது. அதே வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை. வங்கி ஒன்றுதான், உள்ளே போட்ட பணத்தின் பெயர் வேறு. ஒன்றின் பின்னால் ரிசர்வ் வங்கியும் வைப்புக் காப்பீடும் நின்றன. மற்றொன்று, அந்த ஒரு நிறுவனத்தின் தலையெழுத்தோடு கட்டப்பட்டிருந்தது.

பழமை ஒரு பாதுகாப்பா?

நீங்கள் குறிப்பிட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் ஃபண்டு 1872-ல் தொடங்கியது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வட்டாரத்தில் தாத்தா போட்டார், அப்பா போட்டார், நானும் போட்டேன் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. முதிர்வுத் தொகையும் வட்டியும் வரவில்லை என்று வைப்புதாரர்கள் புகார் கொடுக்க, 2024 ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் அதன் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கற்க வேண்டிய பாடத்துக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை: ஒரு நிறுவனத்தின் வயது, அது நாளைக்குப் பணம் தரும் என்பதற்கு உத்தரவாதமாகாது.

இப்படிப் பெயரை நம்பி ஏமாறுவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1906 அக்டோபர் 22 அன்று மதராஸின் பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களில் ஒன்றான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரன் கம்பெனி, அசையாது என்று நம்பி ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் கோயில் அறக்கட்டளைகளும் போட்டு வைத்திருந்த பணம் அதில் மூழ்கியது. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்தக் கோபத்திலிருந்துதான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியால் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அன்று தோலின் நிறம் நம்பிக்கை தந்தது. இன்று தெருவின் பெயரும் நிறுவனத்தின் வயதும் தருகின்றன.

மயிலாப்பூர் ஃபண்டு போன்ற எல்லா ‘நிதி’களும் மோசம் என்று சொல்லவில்லை. ஒழுங்காக நடப்பவையும் சென்னையில் இருக்கின்றன. ஆனால் நிதி என்பது வங்கி கிடையாது. நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், உறுப்பினர்களிடம் மட்டும் பணம் வாங்கி உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் அமைப்பு அது. வங்கிக் கணக்குக்கு, அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாகவே இருந்தது. நிதிகளுக்கு இந்தக் காப்பீடு அறவே கிடையாது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே, ஒன்றரை இரண்டு சதவீதம் கூடுதல் வட்டி எதற்காகத் தரப்படுகிறது என்பது புரிந்துவிடும்.

மூன்று கேள்விகள்

இனி யார் எதைப் போடச் சொன்னாலும், வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: என் பணத்தை வைத்து நீங்கள் என்ன செய்து, எனக்கு இந்த வருமானத்தைத் தருகிறீர்கள்? வங்கி, கடன் கொடுத்து வட்டி வாங்குகிறது. அஞ்சலகப் பணம் அரசுக்குப் போகிறது. மியூச்சுவல் ஃபண்டு, நிறுவனங்களின் பங்கையோ கடன் பத்திரத்தையோ வாங்குகிறது. “அதெல்லாம் எங்க டீம் பார்த்துக்கும்” என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2022-ல் வழக்குக்கு வந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங், மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லிச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் போலீஸ் தரப்பு கூறுகிறது. எந்தத் தொழிலில் மாதம் 30 சதவீதம் கிடைக்கும் என்று கேட்டிருந்தால் கதை வாசலிலேயே முடிந்திருக்கும்.

இரண்டு: உங்களைக் கண்காணிப்பவர் யார்? ரிசர்வ் வங்கியா, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியா, அஞ்சல் துறையா, காப்பீட்டு ஆணையமா, சீட்டுப் பதிவாளரா? அவர்கள் காட்டும் சான்றிதழை நம்பாமல், அந்தக் கண்காணிப்பாளரின் இணையதளத்தில் நீங்களே பெயரைத் தேடிப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணும் கம்பெனிப் பதிவும் இருந்தாலே வைப்புத் தொகை வாங்க உரிமை வந்துவிடாது.

மூன்று: நாளைக்கே எனக்குப் பணம் வேண்டுமென்றால் எவ்வளவு, எத்தனை நாளில், யார் தருவார்கள்? பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) போல “பதினைந்து வருஷம் கழித்து” என்ற விடைகூட நேர்மையான விடைதான். விடை மழுப்பலாக இருந்தால்தான் ஆபத்து.

முதல் முதலீடு: கடனை அடைப்பது

இனி உங்கள் 3,40,000-க்கு வருவோம். பெரிய வங்கிகள் பலவற்றில் சேமிப்புக் கணக்கு வட்டி இப்போது இரண்டரை சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தப் பணத்தை அங்கே வைத்துக்கொண்டு, மறுபக்கம் 60,000-க்கு ஒன்பதரை சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வருஷத்துக்கு 5,700 ரூபாய் வட்டி. எந்த அபாயமும் இல்லாமல் ஒன்பதரை சதவீதம் தரும் முதலீடு சந்தையில் கிடையாது. உங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த வாரமே வளையலை மீட்டுவிடுங்கள். மீதி 2,80,000.

அடுத்து, அவசரக் கையிருப்பு. உங்கள் குடும்பம் ஒரே சம்பளத்தில் ஓடுவதால் ஆறு மாதச் செலவு, அதாவது 1,80,000 ரூபாய், தொடாமல் இருக்க வேண்டும். 60,000-ஐ சேமிப்புக் கணக்கிலேயே வையுங்கள். மீதி 1,20,000-ஐ ஒரே எஃப்டியாகப் போடாமல் 40,000 வீதம் மூன்றாகப் போடுங்கள். 30,000 தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். மற்ற இரண்டும் முழு வட்டியோடு தொடரும்.

இப்போது கையில் 1,00,000. இதில் 30,000-ஐ காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். போன வருஷம் நகையை அடகு வைத்ததன் காரணம் முதலீடு இல்லாதது அல்ல, மருத்துவக் காப்பீடு இல்லாதது. உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரு பாலிசி, அம்மாவுக்குத் தனியாக ஒன்று எடுங்கள். ஒன்றாகச் சேர்த்தால் அம்மாவின் வயது பிரீமியத்தை ஏற்றிவிடும். அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அவற்றுக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை ஆண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில், சேமிப்பு கலக்காத ஆயுள் காப்பீடான ஒரு டெர்ம் பாலிசியும் அவசியம். மகள் சொந்தக்காலில் நிற்கும்வரை உங்கள் சம்பளத்துக்கு மாற்றாக நிற்கப்போவது அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் செலவும் குறைந்திருக்கிறது.

மாமா சொல்லும் ‘பணம் திரும்பி வரும்’ பாலிசி இதிலிருந்து வேறு. காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகப் பிசைந்த திட்டங்களில் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகை போதாது, வருமானமும் எஃப்டியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். இரண்டாம் வருஷம் பிடிக்கவில்லை என்று நிறுத்தினால் நஷ்டம். மாமாவிடம் மரியாதையாக “டெர்ம் எடுத்துட்டேன் மாமா” என்று சொல்லிவிடுங்கள்.

அரசு உத்தரவாதம் உள்ள தளம்

மீதி 70,000. உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு என்பதால் இன்னும் பத்து வயதாகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்குக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. பத்து வயது தாண்டினால் மூடிவிடும். 2025-ல் அதன் வட்டி 8.2 சதவீதம். பதினைந்து ஆண்டு பணம் கட்டலாம், கணக்கு தொடங்கி 21 ஆண்டில் முதிரும். மகளுக்கு 18 வயதானதும், அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும், படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். வருஷத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். அஞ்சலகத்தில் 30,000 போட்டு இதைத் தொடங்குங்கள்.

மற்ற 40,000 பிபிஎஃப். 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம். ஏழாம் ஆண்டிலிருந்து ஓரளவு எடுக்கலாம். இந்த இரண்டு கணக்கிலும் ஒரு நுணுக்கம்: மாதத்தின் 5-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி கிடைக்காது. சம்பளம் வந்ததும் முதல் வேலையாகக் கட்டிவிடுங்கள்.

பள்ளியில் பிஎஃப் பிடிக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால், பிபிஎஃப்புக்குப் பதில், சம்பளத்திலிருந்து கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். 2024-25-க்கான பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுப்பதுதான் வேலை.

அம்மாவின் 2 லட்சத்துக்கு விடை எளிது. அறுபது வயது கடந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 8.2 சதவீதம், ஐந்தாண்டு, அரசின் உத்தரவாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4,100 ரூபாய் அம்மாவின் கணக்கில் விழும். எஃப்டி முதிரும் நாளில் மாற்றுங்கள். முன்கூட்டியே உடைத்து அபராதம் கட்ட வேண்டாம். இந்த வட்டியை விட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதல் தருகிறேன் என்று வருபவர், அந்தக் கூடுதலுக்காக அம்மாவின் அசலைப் பணயம் கேட்கிறார்.

இந்தத் திட்டங்களின் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படுகிறது. மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடும் நாளில் உள்ள விகிதம் ஐந்தாண்டுக்கும் நிலைக்கும். செல்வமகளிலும் பிபிஎஃப்பிலும் அரசு மாற்றினால் மாறும். கணக்கு தொடங்கும் நாளில் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூதாட்டம் என்று நினைக்கும் அந்த ஒன்று

எல்லாம் பாதுகாப்பாக வைத்தாகிவிட்டது, இதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். நிறுத்தலாம், தவறில்லை. ஆனால் விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 30,000-ல் நடக்கும் உங்கள் குடும்பத்துக்கு 12 வருஷத்தில் 60,000 தேவைப்படும். ஸ்கூல் ஃபீஸும் ஆஸ்பத்திரிச் செலவும் எந்த வேகத்தில் ஏறுகின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஓய்வு பெற இன்னும் 25 வருஷமாவது இருக்கிறது. அவ்வளவு நீண்ட காலத்துக்கான பணத்தில் ஒரு பகுதியாவது நாட்டின் தொழில் வளர்ச்சியோடு சேர்ந்து வளர வேண்டும்.

ஒரு கம்பெனியின் பங்கைத் தேர்ந்தெடுத்து வாங்குவது உங்களைப் போன்றவருக்கு வேண்டாம். லட்சுமி விலாஸ் பங்குதாரர்களுக்கு நடந்ததை மேலே பார்த்தோம். அதற்குப் பதில் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு. நாட்டின் மிகப் பெரிய ஐம்பது நிறுவனங்களை, பட்டியலில் உள்ள அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் ஃபண்டு அது. யாருடைய சாமர்த்தியத்தையும் நம்ப வேண்டியதில்லை. ஒரு நிறுவனம் தேய்ந்தால் பட்டியலிலிருந்து போய்விடும், வேறொன்று வரும்.

இது இறங்கும். நிச்சயம் இறங்கும். 2020 ஜனவரியிலிருந்து மார்ச் 23-க்குள் நிஃப்டி 38 சதவீதம் சரிந்தது. உங்கள் பெயரில் 50,000 சேர்ந்திருந்தால் அது 31,000 என்று காட்டியிருக்கும். அந்த முறை நவம்பருக்குள் மீண்டுவிட்டது. எப்போதும் அப்படி நடக்காது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே கிடந்தது. பழைய உச்சத்தைத் தாண்டி நிலைக்க 2013 இறுதி ஆயிற்று. ஏறக்குறைய ஆறு வருஷம். அதனால்தான் ஏழு வருஷத்துக்குள் தேவைப்படும் ஒரு ரூபாய்கூட இதில் போகக்கூடாது என்கிறேன்.

திரும்பி வராது என்ற பயம் இதில் எந்த அளவுக்குப் பொருந்தும்? மியூச்சுவல் ஃபண்டில் உங்கள் பணத்தைக் கொண்டு வாங்கிய பங்குகள் ஃபண்டு நிறுவனத்தின் சொத்தாக இருப்பதில்லை. அவை ஓர் அறக்கட்டளையின் பெயரில், தனிக் காப்பாளரிடம் இருக்கின்றன. நிறுவனம் மூடினாலும் உங்கள் யூனிட் உங்களுடையதே. 2020 ஏப்ரலில் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுத் திட்டங்களைத் திடீரென மூடியபோது, போட்டவர்கள் தவித்தது உண்மை. ஆனால் நீதிமன்றமும் செபியும் பார்த்துக்கொண்டிருக்க, பத்திரங்கள் விற்கப்பட்டுப் பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. கண்காணிப்பு உள்ள இடத்தில் தாமதம் நேரலாம், இறக்கம் நேரலாம். ஆள் கம்பி நீட்டுவது அரிது.

உங்களுக்கு என் அளவு: மாதம் 2,000 ரூபாய் (கணக்கு டீச்சர் சொன்ன எஸ்ஐபி இந்த மாதத் தவணைதான்), அதற்கு மேல் இப்போது வேண்டாம். வாங்கும்போது ‘டைரக்ட் பிளான், குரோத்’ என்று தேர்ந்தெடுங்கள். 2013-லிருந்து இருக்கும் இந்த வகையில் இடைத்தரகர் கமிஷன் கிடையாது. ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். மாதம் 2,000 வீதம் இருபது வருஷம் போட்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் 15.2 லட்சம், 9 சதவீதம் வளர்ந்தால் சுமார் 13.4 லட்சம். இது கணக்குக்கான உதாரணம்தான், வாக்குறுதி இல்லை. ஒரு சதவீதத்தின் எடை என்ன என்பதைக் காட்டவே சொல்கிறேன். டிமேட் கணக்கு தேவையில்லை. பான், ஆதார், வங்கிக் கணக்கு போதும். மியூச்சுவல் ஃபண்டு கணக்குகளைப் பராமரிக்கும் பெரிய நிறுவனமான கேம்ஸ், நம் சென்னையைச் சேர்ந்ததுதான். நீங்கள் எத்தனை ஃபண்டில் போட்டாலும் ஒரே அறிக்கையாக அங்கிருந்து மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளலாம். ஆப்பில் செய்யத் தயக்கமாக இருந்தால் ஃபண்டு நிறுவனத்தின் கிளைக்கே நேரில் போய் ‘டைரக்ட்’ என்று சொல்லிப் படிவம் வாங்குங்கள்.

முதல் இரண்டு வருஷத்தை உங்கள் மனத்துக்கான பரீட்சையாக எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை 10 சதவீதம் இறங்கிய மாதத்தில் எஸ்ஐபியை நிறுத்தாமல் இருந்தால், அளவை ஏற்றலாம். தூக்கம் போனால் 1,000 ஆகக் குறையுங்கள். உங்கள் தாங்கும் சக்தி எவ்வளவு என்பதை கணக்கு டீச்சராலும் என்னாலும் சொல்ல முடியாது.

மாதம் 8,000 எப்படிப் பிரியும்?

செல்வமகள் 3,000. இண்டெக்ஸ் ஃபண்டு 2,000. பிபிஎஃப், அல்லது கூடுதல் பிஎஃப், 1,500. வங்கியில் ஓராண்டு ஆர்டி 1,500. அடுத்த வருஷப் பிரீமியத்துக்கும் ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கும் அதுதான் கைகொடுக்கும். இதற்கு அஞ்சலக ஆர்டி சரிப்படாது, அது ஐந்தாண்டுக்கானது.

கடைசியாகச் சில கேள்விகள்

சீட்டு போடலாமா? சீட்டு என்பது சேமிப்பும் கடனும் கலந்தது, முதலீடு இல்லை. இடையில் பெரிய தொகை தேவைப்படுபவருக்குப் பயன்படும். தேவையில்லாதவருக்குக் கடைசிவரை காத்திருந்து கிடைக்கும் கழிவு, எஃப்டி வட்டியைப் பெரிதாகத் தாண்டாது. சேர்வதானால் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டில் மட்டும் சேருங்கள். அங்கே சீட்டு நடத்துபவர் பதிவாளரிடம் பிணைத்தொகை கட்ட வேண்டும். எதிர்வீட்டு அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சீட்டு எடுத்தவர் கட்டாமல் போனால் அந்த நல்ல அக்காவால் என்ன செய்ய முடியும்?

தி.நகர் நகைக்கடைகளின் பதினொரு மாதத் திட்டம்? நீங்கள் செலுத்துவது பொருளுக்கான முன்பணம். 365 நாளுக்குள் பொருளைக் கொடுக்காவிட்டால் அது வைப்புத்தொகையாகிவிடும் என்பது விதி. அதனால்தான் பதினொரு மாதத்தோடு நிறுத்துகிறார்கள். கடை மூடினால் காப்பீடு கிடையாது. எப்படியும் நகை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். முதலீடு என்றால் செய்கூலியும் சேதாரமும் முதல் நாளே ஒரு பகுதியைத் தின்றுவிடும். உங்களிடம் இருக்கும் வளையலே தங்கத்தில் உங்கள் பங்குக்குப் போதும்.

வரி சேமிக்க ஏதாவது வாங்க வேண்டுமா? வேண்டாம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் “டேக்ஸ் சேவிங்” என்று பள்ளி ஸ்டாஃப் ரூமுக்கு வருபவர்களிடம் இதைச் சொன்னாலே போதும்.

வங்கியில் சொன்னால் நம்பலாமா? வங்கிக்குள் விற்கப்படுவதெல்லாம் வங்கி டெபாசிட் கிடையாது. எஃப்டி புதுப்பிக்கப் போன இடத்தில் காப்பீட்டுப் பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் பலர். கையெழுத்துக்கு முன் காகிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அம்மாவை இந்த வேலைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் பங்குக் குறிப்பு தரும் குழுவில் சேர்த்துவிடுகிறார்களே? உடனே வெளியேறுங்கள். திரையில் லாபம் ஏறுவதுபோல் காட்டி, எடுக்கப் போனால் ‘வரி கட்டு’ என்று மேலும் பணம் கேட்பதுதான் அவர்கள் தொழில். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதை நிறுத்த வாய்ப்பு உண்டு.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

நகையை மீட்பது. மூன்று எஃப்டி போடுவது. மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது. அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு தொடங்குவது. எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பார்த்து, எந்தப் பணம் எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி அம்மாவுக்குக் காட்டி வைப்பது. எஸ்ஐபி அடுத்த மாதம் தொடங்கினால் போதும். ஒரு மாதத் தாமதத்தால் எதுவும் குடிமுழுகிப் போகாது. அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் அவர் உங்கள் நலனுக்காக அவசரப்படவில்லை.

சுபாவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. பயந்த சுபாவம் நல்ல முதலீட்டாளருக்குச் சொத்து. அதைச் சரியான பக்கம் திருப்பினால் போதும். சந்தை இறங்கிய நாளில் கொஞ்சம் குறைவாகப் பயப்படுங்கள். “நம்ம ஆளுதான், தைரியமாப் போடு” என்று ஒருவர் சொல்லும் நாளில் நிறையவே பயப்படுங்கள்.